கப்பல் பார்படாஸில் நிற்கும் ஒரு பகல்: முழுமையான வழிகாட்டி

கரீபியன் குரூஸில் ஒவ்வொரு தீவிலும் கையில் கிடைப்பது எட்டு, ஒன்பது மணி நேரம்தான். அதற்குள் தீவையே சுற்றிப் பார்த்துவிடலாம் என்று சுற்றுலாப் பேருந்தில் ஏறினால், பாதிப் பகல் சன்னலோரத்தில் கழிந்துவிடும். பார்படாஸில் அந்த அவசரமே தேவையில்லை. கண்ணாடி மாதிரியான கடல், அதில் நீந்தும் ஆமைகள், மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பல்கள், 1639-ல் தொடங்கிய நாடாளுமன்றம், 2024-ல் இந்தியா டி20 உலகக் கோப்பையை வென்ற மைதானம், தீவின் நல்ல சாப்பாடு எல்லாமே துறைமுகத்திலிருந்து நான்கைந்து கிலோமீட்டருக்குள் இருக்கின்றன.

நான் சொல்லும் திட்டம் இதுதான். காலையில் இறங்கியதும் இந்த வட்டத்தில் தூரமாக இருக்கும் இடத்துக்கு டாக்ஸியில் போய்விடுங்கள். அப்புறம் நாள் முழுக்கக் கப்பல் இருக்கும் பக்கமாகவே நகர்ந்து வாருங்கள். நேரம் குறையக் குறைய தூரமும் குறையும். எங்காவது அரை மணி கூடுதலாக உட்கார்ந்துவிட்டாலும் பதற வேண்டியதில்லை.

முன்பதிவு செய்யும்போதே பார்க்க வேண்டியவை

முதலில் விசா. குரூஸ் நிறுவனங்கள் பயணத்தில் வரும் எல்லாத் துறைமுகங்களுக்கும் சேர்த்துத்தான் ஆவணம் கேட்கும். மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், சான் ஹுவான் போன்ற அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி அங்கேயே திரும்பி இறங்குவதாக இருந்தால், பலமுறை நுழைவு அனுமதி உள்ள அமெரிக்க விசா இருக்கிறதா என்று இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள். பார்படாஸுக்கு முன்னும் பின்னும் வரும் தீவுகளையும் விட்டுவிடாதீர்கள். மார்ட்டினிக், குவாதலூப் இரண்டும் பிரான்ஸின் பகுதிகள். அவற்றுக்கு விதி வேறு.

அடுத்தது கிழமை. ஞாயிற்றுக்கிழமை தலைநகர் பிரிட்ஜ்டவுனில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அன்று கப்பல் வந்தால் நகரத்துக்கு ஒரு மணி நேரம் போதும், மீதியைக் கடலுக்குக் கொடுங்கள். டிசம்பர் முதல் மே வரை மழை குறைவு, வெயில் இதமாக இருக்கும், கப்பல்களும் அதிகம் வரும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். பார்படாஸ் மற்ற தீவுகளுக்குக் கிழக்கே தள்ளி இருப்பதால் பல புயல்கள் வடக்கே ஒதுங்கிப் போய்விடும். ஆனாலும் கப்பலின் பாதை கடைசி நேரத்தில் மாறலாம். அந்த மாதங்களில் கரையில் எதை முன்பதிவு செய்தாலும், கப்பல் வராவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்படாஸில் இன்னொரு வசதி, கப்பல் நேராகத் துறைமுகத்திலேயே கட்டும். கேமன் தீவில் போலச் சின்னப் படகுக்கு வரிசையில் நிற்க வேண்டாம். அங்கே வீணாகும் ஒரு மணி நேரம் இங்கே உங்களுக்கு மிச்சம்.

கடிகாரத்தைச் சரிபார்த்தல்

பார்படாஸில் கோடை நேரம், குளிர்கால நேரம் என்று கடிகாரத்தை மாற்றுவதில்லை. குளிர்காலத்தில் ஃபுளோரிடாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும், கோடையில் இரண்டும் ஒன்றாகிவிடும். குளிர்காலத்தில் ஃபுளோரிடாவிலிருந்து வரும் கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமலே வந்தால், கப்பலில் 8 மணி ஆகும்போது கரையில் 9. உங்கள் கைப்பேசி தீவின் நேரத்துக்குத் தானாகவே மாறிவிடும். கரையில் ஒரு படகுக்காரரிடம் 10 மணிக்கு இடம் சொல்லி வைத்துவிட்டு, கப்பல் நேரத்தைப் பார்த்து நிதானமாக இறங்கினால் படகு போயே போய்விட்டிருக்கும். அதனால் முந்தைய இரவு அறைக்கு வரும் தினத்தாளில் கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்று பாருங்கள். எல்லோரும் ஏறியாக வேண்டிய நேரத்தையும், துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணையும் அதே தாளிலிருந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் 5 மணிக்குப் புறப்படுகிறது என்றால் 4:30-க்கே, சில கப்பல்களில் இன்னும் முன்பே, ஏறியிருக்க வேண்டும். அதற்கும் ஒரு மணி நேரம் முன்பு துறைமுக வாசலில் இருப்பது என்று கணக்கு வையுங்கள். மாலை 4 மணிக்கு மேல் பிரிட்ஜ்டவுன் சாலைகளில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

கப்பல் அட்டை, புகைப்படம் உள்ள ஓர் அடையாள அட்டை, கடவுச்சீட்டின் நகல். துறைமுக வாசலில் அட்டையும் அடையாளமும் கேட்பார்கள். சின்ன நோட்டுகளாக அமெரிக்க டாலர். மாற்று உடை, துண்டு, தொப்பி, பவளப் பாறைகளைப் பாதிக்காத சன்ஸ்கிரீன், கைப்பேசிக்கு நீர் புகாத உறை. தண்ணீர் பாட்டிலைக் கப்பலிலேயே நிரப்பிக்கொள்ளலாம். தீவின் குழாய் நீரும் சுண்ணாம்புப் பாறைகளில் வடிகட்டப்பட்டு வரும் நல்ல நீர், தயங்காமல் குடிக்கலாம். காலை உணவு மேசையிலிருந்து பழத்தையும் சாண்ட்விச்சையும் எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள். தாவர நோய்த் தடுப்பு விதிப்படி அதற்கு அனுமதி இல்லை.

ராணுவச் சீருடை போலத் திட்டுத் திட்டான வடிவம் (camouflage) போட்ட துணி எதையும் போடாதீர்கள். பார்படாஸில் அது சட்டப்படி குற்றம், குழந்தைகளின் சட்டைக்கும் தொப்பிக்கும் பைக்கும் கூடப் பொருந்தும்.

இறங்கியதும்: கடற்கரைக்கு டாக்ஸி

துறைமுகக் கட்டடத்தைத் தாண்டியதும் டாக்ஸிகள் நிற்கும். இங்கே டாக்ஸியில் மீட்டர் கிடையாது, இடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. எண் பலகை Z என்ற எழுத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள், அதுதான் உரிமம் பெற்ற டாக்ஸிக்கு அடையாளம். ஏறும் முன்பே தொகையைப் பேசிவிடுங்கள். அது எந்த டாலர் என்றும் கேளுங்கள். இது மிக முக்கியம். 1975 முதல் இரண்டு பார்படாஸ் டாலருக்கு ஓர் அமெரிக்க டாலர் என்று மதிப்பு நிலையாக இருக்கிறது. அமெரிக்க டாலரைப் பெரும்பாலான இடங்களில் வாங்கிக்கொள்வார்கள், மீதி மட்டும் உள்ளூர் நோட்டாக வரும். "இருபது" என்று ஒருவர் சொன்னால் அது உங்கள் கணக்கில் இருபதாகவும் இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம். நாள் முழுக்க எந்த விலை கேட்டாலும் இந்தக் கேள்வியையும் சேர்த்தே கேளுங்கள்.

ஓட்டுநரிடம் பெப்பிள்ஸ் கடற்கரை என்று சொல்லுங்கள். கார்லைல் விரிகுடாவின் தெற்கு முனை அது, சாலை நெரிசல் இல்லாவிட்டால் கால் மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். அதையொட்டி வடக்கே நீள்வது பிரௌன்ஸ் கடற்கரை. தீவின் கடற்கரைகள் எல்லாமே பொதுமக்களுக்கு உரியவை. நுழைவுக் கட்டணம் வாங்கும் கடற்கரை மன்றங்கள் (பீச் கிளப்) நாற்காலி, குடை, குளியலறை, பானம் ஆகியவற்றைச் சேர்த்துத் தருகின்றன. குழந்தைகளோடு போனால் அந்தக் காசு தகும். மற்றவர்கள் மணலிலேயே ஒரு நாற்காலியும் குடையும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கடலில் மூன்று மணி நேரம்

இந்த நாளின் மிகச் சிறந்த பகுதி இதுதான், இதற்கு நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். கார்லைல் விரிகுடா தீவின் மேற்குப் பக்கத்தில் அமைந்திருப்பதால் அட்லாண்டிக்கின் அலைகள் இதை எட்டுவதில்லை. தண்ணீர் குளம் போல அசையாமல் நிற்கும், அடிமணல் தெளிவாகத் தெரியும். நீச்சல் அரைகுறையாகத் தெரிந்தவர்கள்கூட உயிர்காப்பு அங்கியோடு பயமின்றி இறங்கலாம்.

விரிகுடாவுக்குள் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி ஒன்று இருக்கிறது. அதில் பல கப்பல்கள் மூழ்கிக் கிடக்கின்றன, சில மீன்களுக்கு வீடாகட்டும் என்று வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டவை. பெர்வின் என்ற இழுவைக் கப்பல் 1919-ல் மூழ்கியது. ஆழம் குறைவான இடத்தில் கிடப்பதால் முகமூடியும் மூச்சுக்குழாயும் மட்டும் போட்டுக்கொண்டு மேலே மிதந்தபடியே பார்க்கலாம். நூறு ஆண்டுகளில் அதன் இரும்பே தெரியாத அளவுக்குப் பவளமும் கடற்பஞ்சும் போர்த்தியிருக்கின்றன. வரிவரியான சின்ன மீன்கள் உங்கள் கண்ணாடிக்கு எதிரே வந்து நின்று பார்த்துவிட்டுப் போகும்.

ஆமைகளைப் பார்க்கப் படகுக்காரர்கள் கூட்டிப் போவார்கள். மணலிலேயே அவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள், பெரும்பாலும் ஒன்றரை இரண்டு மணி நேரப் பயணம். பச்சை ஆமை, அலுங்கு ஆமை இரண்டும் இங்கே உண்டு. காலை 9, 10 மணிக்கெல்லாம் போய்விட்டால் பெரிய கட்டமரான் படகுகள் வந்து ஆட்களைக் கொட்டும் முன் நிம்மதியாகப் பார்க்கலாம். ஆமை மூச்சு வாங்க மேலே வரும்போது வழிவிட்டு ஒதுங்குங்கள், மேலே இருந்து மறித்தால் அது மூச்சுக்குத் திணறும். தொடக் கூடாது. சில படகுகளில் மீன் துண்டு போட்டு ஆமைகளை வரவழைப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. மனிதக் கையையே உணவு என்று பழகிய விலங்கு எளிதில் அடிபடும். தீனி போடாமல் காட்டும் படகு எது என்று கேட்டு ஏறுங்கள், அப்படிக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கரையில் நிழலுக்கு ஒதுங்கும்போது ஒரு எச்சரிக்கை. மஞ்சினீல் என்ற மரம் சில கடற்கரைகளில் உண்டு. சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி காய்க்கும். காய் விஷம், பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், மழையில் அதன் அடியில் நின்றால் இலையிலிருந்து சொட்டும் நீரே புண்ணாக்கும். அடிமரத்தில் சிவப்பு வளையம் தீட்டியோ பலகை மாட்டியோ வைத்திருப்பார்கள். குழந்தைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

கப்பல் இரவு தங்கும் பயணமாக இருந்தால் விடியற்காலையில் இதே கடற்கரைக்கு வாருங்கள். அருகிலுள்ள கேரிசன் பந்தயத் திடலின் குதிரைகளைக் கடலில் குளிப்பாட்ட அழைத்து வருவார்கள். கழுத்தளவு தண்ணீரில் குதிரை நீந்துவதை அவ்வளவு கிட்டத்தில் வேறெங்கும் பார்ப்பது அரிது.

மதியச் சாப்பாடு

கப்பலில் சாப்பாடு இலவசம்தானே என்று திரும்பிப் போகாதீர்கள். பெப்பிள்ஸ் பக்கத்திலேயே மீன் கட்டர் விற்கும் கடைகள் உண்டு. வட்டமான பன்னைப் பிளந்து, அப்போதுதான் கல்லில் புரட்டிய மீன் துண்டு, சீஸ், தக்காளி, இலைக் கீரை வைத்துத் தருவார்கள். பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சாஸ் பாட்டில் இருக்கும். கடுகும் மஞ்சளும் ஸ்காட்ச் பானெட் மிளகாயும் சேர்த்து அரைத்தது. கடுகு வாசனையில் ஏமாந்து தாராளமாக ஊற்றாதீர்கள், நம் நாக்குக்கே கண்ணீர் வரும். நாலு சொட்டு விட்டு ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

உட்கார்ந்து சாப்பிட நினைத்தால் தேசிய உணவான கூ-கூவும் பறக்கும் மீனும் கேளுங்கள். கூ-கூ என்பது சோள மாவை வெண்டைக்காயோடு சேர்த்துக் கிண்டியது. கையில் எடுத்தால் நம் களி மாதிரியே இருக்கும், வெண்டைக்காயின் வழவழப்பு மட்டும் கூடுதல். மேலே மீன் குழம்பு. வழக்கமாக வெள்ளிக்கிழமையில் செய்வது, ஆனால் சுற்றுலாப் பயணிகள் வரும் உணவகங்களில் மற்ற நாளும் கிடைக்கும்.

சைவர்களுக்கு மாக்ரோனி பை, பொரித்த வாழைப்பழம், உருளைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் வைத்துச் சுருட்டிய ரொட்டி இருக்கின்றன. பட்டாணிச் சோறு என்று வாங்கும்போது மட்டும் கவனம். உப்புக் கண்டமாகப் பதப்படுத்திய பன்றி வால் துண்டைப் போட்டு வேகவைக்கும் வழக்கம் உண்டு. இறைச்சி சேர்ந்திருக்கிறதா என்று வெளிப்படையாகக் கேளுங்கள், உள்ளதைச் சொல்வார்கள்.

நகரத்துக்குள் நடை

ஈர உடையை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். நீச்சலுடையில் நகருக்குள் நடப்பதை இங்கே மரியாதைக் குறைவாகப் பார்ப்பார்கள். கடைக்குள் நுழைந்தாலும் வேனில் ஏறினாலும் முதலில் வணக்கம் சொல்வதும் இவர்கள் வழக்கம். கேள்வியோடு நேராகத் தொடங்கினால் முகம் கொஞ்சம் சுருங்கும்.

பே தெரு வழியாக வடக்கே நடந்தால் அரை மணியில் நகர மையம். நடக்க முடியாவிட்டால் பேருந்து. நீலப் பேருந்து அரசுடையது, சரியான சில்லறை வேண்டும். மஞ்சள் மினிபஸ்ஸும், மரூன் பட்டை போட்ட வெள்ளை வேனும் தனியாருடையவை, மீதி கொடுப்பார்கள். எதில் ஏறினாலும் 3.50 பார்படாஸ் டாலர். வெள்ளை வேனில் ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். பாட்டு அதிரும், இடிபட்டுத்தான் உட்கார வேண்டும், இறங்க வேண்டிய இடத்தைப் பக்கத்தில் இருப்பவர்கள் ஓட்டுநரிடம் உங்களுக்காகச் சொல்வார்கள்.

பழைய பிரிட்ஜ்டவுனும், பிரிட்டிஷ் ராணுவ முகாமாக இருந்த கேரிசனும் 2011-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. சேம்பர்லின் பாலத்தைத் தாண்டியதும் தேசிய வீரர்கள் சதுக்கம். 1813-ல் நிறுவிய நெல்சன் சிலை இங்கேதான் நின்றது. 2020 நவம்பரில் அதை அகற்றினார்கள், அடுத்த ஆண்டு நவம்பர் 30 அன்று பிரிட்டிஷ் அரசியைத் தலைவராகக் கொள்வதை விட்டுவிட்டு நாடு குடியரசானது. எதிரே பவளச் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய நாடாளுமன்றம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் நிதே இஸ்ரேல் யூத ஆலயம். பிரேசிலிலிருந்து தப்பி வந்த யூதர்கள் 1654-ல் அமைத்தது, 1831 புயலில் இடிந்து 1833-ல் மீண்டும் எழுந்தது. 2008-ல் வளாகத்தைத் தோண்டியபோது பழைய சடங்குக் குளம் ஒன்று கிடைத்தது. படியிறங்கும் அந்தக் குளத்தில் ஊற்று நீர் இன்றும் நிற்கிறது. வார நாட்களில் வந்தால் தவறவிடாதீர்கள். பிராட் தெருவின் வரியில்லாக் கடைகள் எல்லாத் தீவிலும் இருப்பவைதான், நேரத்தைச் செலவழிக்கத் தேவையில்லை. அடுத்த ஸ்வான் தெருவில் உள்ளூர் மக்கள் வாங்கும் துணி, பழம், மசாலா கிடைக்கும், அங்கே ஒரு நடை போங்கள்.

கென்சிங்டன் ஓவல்

நகரிலிருந்து மேற்கே ஃபோன்டபெல் பக்கம் நடந்தால் கென்சிங்டன் ஓவல். கிரிக்கெட் பார்க்காதவர்கள் தாண்டிப் போகலாம். பார்க்கிறவர்களுக்கு இந்தப் பகுதியில் இதைவிடப் பெரிய இடம் இல்லை. மேற்கிந்தியத் தீவுகளின் மண்ணில் முதல் டெஸ்ட் இங்கேதான், 1930 ஜனவரியில் நடந்தது. வொரல், வீக்ஸ், வால்காட் என்ற மூன்று மேதைகளும் இந்த மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் பிறந்து வளர்ந்தவர்கள். பார்வையாளர் மாடம் ஒன்றும் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது. வெளியே பார்படாஸின் கிரிக்கெட் மேதை சோபர்ஸின் சிலை, மட்டையை வீசிய கோலத்தில்.

நம் ரசிகர்களுக்கு இந்த மைதானம் வலியும் மகிழ்ச்சியும் சேர்ந்தது. 1997-ல் 120 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா 81-ல் சுருண்டது இங்கேதான். 2007 உலகக் கோப்பை இறுதியில் கில்கிறிஸ்ட் அடித்த 149-க்கு முன்னால் இலங்கை தோற்றதும் இங்கேதான். அப்புறம் 2024 ஜூன் 29. கோலியின் 76, கடைசி ஓவரில் எல்லைக் கோட்டில் சூர்யகுமார் பிடித்த மில்லரின் கேட்ச், ஏழு ரன் வெற்றி. ஆட்டம் இல்லாத நாளில் உள்ளே பார்க்க முடியுமா என்று வாசலில் கேளுங்கள். திறக்காவிட்டாலும் கம்பி வேலி வழியே புல்தரை தெரியும். எதிரே கிரிக்கெட் நாயகர்களுக்கான சின்ன அருங்காட்சியகம் உண்டு, அரை மணி நேரம் போதும்.

தீவின் உட்பகுதிதான் வேண்டும் என்றால்

ஹாரிசன் குகையில் மின்வண்டியில் பூமிக்கு அடியில் போகலாம், துறைமுகத்திலிருந்து அரை மணிக்கு மேல் ஆகும். கிழக்குக் கரையில் பத்ஷீபாவின் காளான் வடிவப் பாறைகளும் அட்லாண்டிக் பேரலையும் உண்மையிலேயே அழகு, ஆனால் அங்கே குளிக்கக் கூடாது, நீரோட்டம் இழுத்துவிடும். கப்பல் மாலை 6 மணிக்குப் பின் புறப்படுகிறது என்றால் மட்டும் இவற்றை யோசியுங்கள், இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். நான்கு பேர் சேர்ந்து டாக்ஸி பேசினால் கப்பலின் சுற்றுலாவைவிடக் குறைவாக முடியும். நேரம் இறுக்கமாக இருந்தால் கப்பலின் சுற்றுலாவையே எடுங்கள். அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும், உங்கள் டாக்ஸிக்குக் காத்திருக்காது. விடுபட்டவர் அடுத்த துறைமுகத்துக்குத் தன் செலவில் விமானம் ஏற வேண்டும், அந்த நாட்டு விசாவும் கையில் இருக்க வேண்டும்.

திரும்பும் வழி

ஓவலிலிருந்து துறைமுகம் இருபது நிமிட நடைக்குள். நேரம் மிச்சமிருந்தால் வழியில் பெலிக்கன் கைவினைக் கடைகளுக்குள் போகலாம், மண்பாண்டமும் மரச் செதுக்கலும் உள்ளூர்க் கைவேலை. ரம் வாங்குபவர்கள் துறைமுகக் கட்டடத்திலேயே வாங்கிவிடுங்கள், நாள் முழுக்கச் சுமக்க வேண்டாம். கப்பல் படியில் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு சீட்டு கொடுப்பார்கள், பயணத்தின் கடைசி இரவில்தான் அறைக்கு வரும். அதை கைப்பையில் போட்டால் விமான நிலையத்தில் பறிபோகும் என்பதால், சரக்குப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றி வைக்க இடம் விட்டு வையுங்கள்.